உதைக்காத தோட்டா

வலது தோளில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, இடது கையால் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள் லோரெட்டா. அவள் கணவன் வெண்டெல் சமையலறை வாசலில் நின்றபடி, உதவலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் பெரும்பாலான நேரம் அவன் அந்த வாசலில்தான் நின்றிருக்கிறான்.

"எத்தனை தடவை சுட்டே?" என்று கேட்டான்.

"ஒரே தடவை."

"ஒண்ணுக்கா இவ்வளவு?"

"உன் துப்பாக்கிக்கு ஒண்ணே போதும். எனக்கும் போதும்."

லோரெட்டா அந்த மொன்டானா பள்ளத்தாக்கில் தபால் வண்டி ஓட்டுகிறவள். ஜீப்பின் ஜன்னல் வழியாக வலது கையை நீட்டி, வீடு வீடாகப் பெட்டியில் கடிதம் திணித்துத் திணித்தே தோள் மூட்டு தேய்ந்துபோயிற்று. வசந்தத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்த டாக்டர், இனி நீ எதை வேண்டுமானாலும் தூக்கலாம், நீந்தலாம், யாரை வேண்டுமானாலும் கட்டிப்பிடிக்கலாம், பெரிய துப்பாக்கியின் உதையை மட்டும் இந்தத் தோள் தாங்காது என்று சொல்லி அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அரசாங்கக் குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. மேல் பள்ளத்தாக்கில் ஆண் எல்க் மான் ஒன்றைச் சுட அனுமதிச் சீட்டு; கீழ்ப் பள்ளத்தாக்குக்கு வருஷா வருஷம் யாருக்கும் கிடைக்கும், மேலே குலுக்கலில் விழுந்தால்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் விட்டால் மறுபடி விழும்போது அவள் ஊன்றுகோலோடு போக வேண்டியிருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெண்டெலின் அண்ணன் மெர்லும் அவர் மனைவி நோர்மாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள்.

மெர்ல் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பள்ளத்தாக்கில் எல்க் வேட்டை என்று யார் பேச்செடுத்தாலும் கடைசியில் அவரிடம்தான் தீர்ப்புக்குப் போவார்கள். அவருடைய கார் கொட்டகைச் சுவரில் கொம்புகள் வரிசையாகத் தொங்கின. ஒரு வருஷம்கூட அவர் வெறுங்கையோடு மலையிறங்கியதில்லை. எல்க்குக்கு வெண்டெலிடம் இருப்பது போன்ற முந்நூறு மேக்னம் என்கிற பெரிய துப்பாக்கிதான், அதற்குக் குறைந்து எதுவும் கூடாது என்பது அவருடைய சட்டம். அவர் சொல்லி முடித்ததும், "மெர்ல் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நோர்மா முத்திரை குத்துவாள்.

பட்டாணிப் பொட்டலத்தைப் பார்த்ததும் மெர்ல் சிரித்தார். "வலி எல்லாம் மனசுலதான் இருக்கு, லோரெட்டா."

"அப்ப பட்டாணியை எடுத்து மனசுல வச்சுக்கட்டுமா?"

மெர்ல் அதைக் காதில் வாங்கவில்லை. எல்க் என்பது குதிரை அளவு மிருகம் என்றார். சின்னத் துப்பாக்கியால் சுட்டால் அது அடிபட்டபடியே மூன்று மலை தாண்டி ஓடி, யார் கண்ணிலும் படாமல் கிடந்து சாகும் என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் லோரெட்டாவைக் குத்தியது. தன் கையால் ஒரு மிருகம் அப்படிச் சாவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காகச் சீட்டைக் கிழித்துப் போடவும் அவள் தயாராக இல்லை.

மறுநாள் தபால் கொடுக்கும் வழியில் ஹோபர்ட்டின் கடையில் வண்டியை நிறுத்தினாள். முன்பாதியில் ஆணியும் வர்ணமும், பின்பாதியில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற கடை. ஹோபர்ட் ஒரு யோசனை சொன்னார். துப்பாக்கி அதுவே இருக்கட்டும், குண்டின் எடையைக் குறைத்தால் உதையும் குறையும். எடை குறைந்த குண்டு போட்ட தோட்டாக்களை வாங்கிப் போய்ச் சுட்டாள். உதை குறைந்தது உண்மைதான். ஆனால் முதல் நாள் வாங்கிய அடியைத் தோள் மறக்கவில்லை. விசையைத் தொடுவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. குறிக்காக மாட்டிய காகிதத்தில் ஒரு பொத்தல்கூட விழவில்லை. அதைத் தாங்கி நின்ற வேலிக்கம்பம்தான் இரண்டாக முறிந்தது.

அடுத்து, துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கம் தடிமனான ரப்பர் மெத்தை ஒன்றை ஒட்டினாள். தோளுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டை நீளமாகிவிட்டதால் கழுத்தை எட்டி நீட்டினால்தான் துப்பாக்கிமேல் இருந்த தொலைநோக்கியில் குறி தெரியும் போலிருந்தது. நீட்டினாள். துப்பாக்கி பின்னால் வந்த வேகத்தில் தொலைநோக்கியின் விளிம்பு அவள் புருவத்தில் பிறை போல ஒரு வெட்டுப் போட்டது.

இப்போது அவளுக்குத் தோளில் கறுப்பும் நீலமுமாக ஒரு கன்றல், புருவத்தில் கட்டு. அந்தக் கோலத்தில் ஊர் முழுக்கத் தபால் கொடுத்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "வெண்டெலோட துப்பாக்கியால வந்தது" என்று உண்மையைத்தான் சொன்னாள். ஊருக்கு முதல் வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே பாஸ்டர் நைகார்ட் வீட்டுக்கு வந்து, வெண்டெலைத் தனியாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்.

திரும்பி வந்த வெண்டெலின் கையில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. குடும்பத்தில் கோபத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று அட்டையில் போட்டிருந்தது.

"நீ அவர்கிட்ட எடுத்துச் சொல்லலையா?" என்று கேட்டாள் லோரெட்டா.

"அவரு ரொம்ப வருத்தமா இருந்தாரு. குறுக்க பேச மனசு வரலை" என்றான் வெண்டெல். ராத்திரி படுக்கையில் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றான்.

லோரெட்டா அசரவில்லை. குழல் முனையில் திருகி மாட்டும் துளைகள் போட்ட இரும்புக் குப்பி ஒன்று உண்டு. வெடிக்கிற காற்றைப் பக்கவாட்டில் பீய்ச்சி, உதையைப் பாதியாக்கிவிடும். அதை வாங்கி மாட்டினாள். உதை சொன்னபடி பாதியாயிற்று. சத்தம் சொல்லாமலே இரண்டு மடங்காயிற்று. வெண்டெல் காது கேட்கும் கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பக்கத்துப் பண்ணைக் குதிரைகள் வேலியை முறித்துக்கொண்டு ஓடி, தேவாலயத்துப் புல்வெளியில் போய் நின்று பூச்செடிகளை மேய்ந்தன. அவற்றைப் பிடித்துக் கொண்டுவர வெண்டெல்தான் போனான். பாஸ்டர் படியில் நின்று அவனைப் பார்த்தார். புத்தகத்தின் இரண்டாம் பாகமும் கிடைத்தது.

வேலியைத் திரும்பக் கட்டி முடித்த அன்று லோரெட்டா ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தத் துப்பாக்கிக்கு ஏற்றபடி தன்னை வளைத்தது போதும்.

ஹோபர்ட்டிடம் யாரோ பள்ளிக்கூடத்துப் பெண் வளர்ந்துவிட்டதால் திருப்பிக் கொடுத்த ஒரு சின்ன ரைஃபிள் இருந்தது. ஆறரை மில்லிமீட்டர் குழல். ஊரில் எல்லாரும் அதை ஆறரை என்றுதான் சொல்வார்கள். கட்டை குட்டையாக, லோரெட்டாவுக்கென்று அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. அவள் அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். பிறகு இந்த ஆறரைக்கு என்னென்ன குண்டு உண்டோ எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வைக்கச் சொன்னாள். அந்த ஆறரையால்தான் குடும்பத்துக்கு ஏழரை பிடித்தது.

கடையில் காபிப் பாத்திரத்தைச் சுற்றி எப்போதும் ஐந்தாறு ஆண்கள் நிற்பார்கள். அன்று நடுவில் மெர்ல் நின்றிருந்தார். வளையில் வசிக்கும் நில அணில்களைச் சுடுவதற்கு நல்ல துப்பாக்கி என்று பாராட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். லோரெட்டா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

தபால் நிலையத்தில் யாருக்கும் வேண்டாத பழைய விளம்பரப் புத்தகங்கள் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி, கட்டுக்கட்டாகக் கட்டி, மாட்டுத் தொட்டியில் ஊறப் போட்டாள். ஊறிய கட்டுகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொரு குண்டாகச் சுட்டுப் பார்த்தாள். முதல் குண்டு எடை குறைந்தது, வேகமானது. முதல் கட்டிலேயே வெடித்துக் கோழித் தீவனம் போலச் சிதறிப்போயிற்று. எல்க்கின் தோளெலும்பில் பட்டால் காயம்தான் மிச்சம். இரண்டாவது கனமான ஈயக் குண்டு. ஆழமாகப் போயிற்று. ஆனால் மூன்று தடவை சுட்டதும் தோள் முனக ஆரம்பித்தது. மூன்றாவது முழுக்கச் செம்பால் செய்த குண்டு. எடை நடுத்தரம். ஐந்தாவது கட்டின் நடுவில் அதைத் தோண்டி எடுத்தாள். முனை நாலு இதழாக விரிந்திருந்தது, துளிகூட உதிரவில்லை. உதை, காற்றில் சாத்திக்கொள்கிற கதவு தோளில் இடித்த அளவுதான். அதைவிட முக்கியம், கண் மூடவில்லை. குண்டு காகிதத்தில் பாய்கிறதை அவளே பார்த்தாள்.

குண்டை ஹோபர்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறை சொன்னார். செம்பு கெட்டி, வேகமாகப் போய் மோதினால்தான் விரியும். தூரம் போகப் போக வேகம் தளர்ந்துவிடும்.

"இருநூறு கஜத்துக்கு மேல இதால சுடாதீங்க, லோரெட்டா."

"அதுக்கு மேல எனக்குக் கண்ணே தெரியாது" என்றாள்.

காபிப் பக்கமிருந்து மெர்ல் தொண்டையைக் கனைத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "என் கூடாரத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. முந்நூறுக்குக் கீழ கொண்டு வர்றவங்க உக்காந்து உருளைக்கிழங்கு வறுக்கலாம். மலை ஏறக் கூடாது."

 மெர்லுடைய கூடாரம் என்றால் சின்ன விஷயமில்லை. கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குடும்பமே அதில்தான் தங்கும். லோரெட்டா செம்புக் குண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப கிழங்கை நீங்களே வறுத்துக்கங்க, மெர்ல். நான் என் கூடாரத்தைக் கொண்டு வரேன்."

அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் தன்னிடம் கூடாரம் இல்லை என்று ஞாபகம் வந்தது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கொல்லையில் கட்டி விளையாடியது ஒன்று பரணில் கிடந்தது. மஞ்சள் நிறம். சுற்றிலும் சிரிக்கும் கரடிகள். அன்று ராத்திரி நோர்மா தொலைபேசியில் கூப்பிட்டு, வீம்பு வேண்டாம், மெர்ல் இத்தனை எல்க் பார்த்தவர், அவர் பேச்சைக் கேள் என்று கெஞ்சினாள். லோரெட்டா கரடிக் கூடாரத்தை உதறிக்கொண்டே கேட்டுவிட்டு, நல்ல வார்த்தை சொல்லி போனை வைத்தாள்.

வேட்டைக் காலம் தொடங்கியது. ஓடைக்கு இந்தப் பக்கம் மெர்லுடைய பெரிய கான்வாஸ் கூடாரம். உள்ளே விறகடுப்பு, கட்டில்கள், தொங்கும் விளக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் பனியில் மஞ்சளாக லோரெட்டாவின் கரடிகள். வெண்டெல் இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்தான். கடைசியில் ஓடையோரம் நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியில் படுத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெண்டெல் மெர்லுடைய அடுப்பருகே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெர்ல் தம்பியைப் பார்த்து, "கட்டின பொண்டாட்டியை அடக்கத் தெரியலையேடா உனக்கு" என்றார்.

வெண்டெல் தட்டைக் கீழே வைத்தான்.  "அப்படிச் செய்யக் கூடாதுன்னு பாஸ்டர் கொடுத்த புத்தகத்துல போட்டிருக்கு, மெர்ல். ரெண்டு பாகத்துலயும் போட்டிருக்கு" என்றான். வண்டியிலிருந்து படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினான். கரடிக் கூடாரத்துக்குள் அவன் முழுசாக நுழைய முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளியில் நீட்டிக்கொண்டு படுத்தான். காலையில் பூட்ஸ்மேல் பனி மூடிக் கிடந்தது. லோரெட்டா தன் கையாலேயே அதைத் தட்டிவிட்டாள்.

அன்று காலை மேட்டில் பைன் மரங்களுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச்சரிவில் ஒரு ஆண் எல்க் வந்து நின்றது. கொம்பு ஒவ்வொன்றும் ஒரு மரக்கிளை. வெண்டெல் தூரம் காட்டும் கருவியில் பார்த்துவிட்டு, முந்நூறு கஜத்துக்கு மேல் என்று கிசுகிசுத்தான். லோரெட்டா துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

"இது போயிட்டா மறுபடி வராது" என்றான் வெண்டெல்.

"போகட்டும்."

அது மெதுவாக நடந்து மேட்டைத் தாண்டிப் போயிற்று. அன்று முழுக்க வேறொன்றும் வரவில்லை. சாயங்காலம் சேதி தெரிந்து மெர்ல் ஓடையின் தன் பக்கக் கரையில் நின்று, தன் கையில் அது கிடைத்திருந்தால் என்று ஆரம்பித்து இருட்டும் வரை பேசினார். நோர்மா பக்கத்தில் நின்று ஆமோதித்தாள். லோரெட்டா இரண்டு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். தூக்கம்தான் வரவில்லை. விட்டதற்காக அவள் வருந்தவில்லை. அடுத்து ஒன்று வந்து, மெர்ல் சொன்னது நிஜமாகிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருந்தது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் காட்டு விளிம்பிலிருந்து முதலில் பெண் எல்க்குகள் வந்தன. அவற்றின் பின்னால் ஆண் ஒன்று கிளைகளில் கொம்பு மாட்டாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தது. நூற்று நாற்பது கஜம் என்று வெண்டெல் கிசுகிசுத்தான். லோரெட்டா தோல்பையின் மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்து, அது பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்தாள். திரும்பியது. மூச்சைப் பாதி விட்டு விசையை அழுத்தினாள்.

கண் திறந்தே இருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால் ரோமம் சிலிர்த்து அடங்கியதைப் பார்த்தாள். ஆனால் எல்க் விழவில்லை. ஓடவும் இல்லை. யாரோ கூப்பிட்டது போலத் தலையைத் தூக்கிப் பார்த்தபடி நின்றது. வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டான்.  மூன்று மலை, மூன்று மலை என்று லோரெட்டாவின் மனசுக்குள் மெர்ல் பேசினார். அவள் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டாள். எல்க் நிதானமாகச் சில அடி நடந்தது. ஒரு பைன் மரத்தில் சாய்ந்தது. கால் மடிந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை.

லோரெட்டாவும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு போய் அதன் கழுத்தில் கையை வைத்தாள். குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் போயிருந்தது. வெண்டெல் அவள் பின்னால் நின்று, உதவலாமா என்று யோசிக்காமல், அவளுடைய வலிக்காத தோளில் கையை வைத்தான்.

வெடிச்சத்தம் கேட்டு மெர்லும், எப்போதும் போல அவர் பின்னால் தன் துப்பாக்கியோடு நோர்மாவும் மேலே வந்தார்கள். மெர்ல் எல்க்கைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார். குளம்பைப் பார்த்தார். வயசான மிருகம் என்றார். வெண்டெல் பல்லைப் பார்த்துவிட்டு, அப்படித் தெரியவில்லையே என்றான். மெர்ல் இன்னொரு சுற்று வந்தார்.

"அது எப்படியும் படுக்கிறதுக்குத்தான் இங்க வந்திருக்கு. நீ சுட்டது அந்த நேரம் பார்த்து" என்றார்.

இறைச்சியைக் கீழே கொண்டுபோக இரண்டு சக்கர வண்டியும் கயிறும் வேண்டும். மெர்ல் முந்நூறு மேக்னத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். அந்த வருஷம் அவர் இன்னும் ஒன்றும் சுடவில்லை. நாளைக்குப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். வெண்டெல் பின்னாலேயே போனான்.

பெண்கள் இருவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். லோரெட்டாவுக்கு இப்போது வலி, பயம், குளிர் ஒன்றுமில்லை. பேச்சு தானாக வந்தது. இதோடு விடப்போவதில்லை என்றாள். ராத்திரி மெர்லுடைய கையில் ஆறரையைக் கொடுத்துச் சுட வைக்கப்போகிறாள். உதை இல்லாமல் சுடுவது எப்படி இருக்கும் என்று அவர் ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும். ஒரு பெட்டி செம்புத் தோட்டாவையும் கொடுப்பாள். நாளைக் காலை அவர் அந்தப் பீரங்கியை ஓடையில் எறியும் வரை ஓயப்போவதில்லை. நோர்மா அதைக் கரையில் நின்று பார்க்க வேண்டும்.

நோர்மா கத்தியை அப்படியே நிறுத்தினாள். 

"அதை மட்டும் செஞ்சுடாதே."

"உனக்கு இன்னும் நம்பிக்கை வரலையா? கண்ணு முன்னால கிடக்குதே."

"உன் குண்டை நான் ஒண்ணும் சொல்லலை. அவரு கையிலேர்ந்து அந்தப் பெரிய துப்பாக்கியைப் பிடுங்கிடாதே."

"ஏன்?"

நோர்மா எட்டிக் கீழே பார்த்தாள். மெர்லுடைய ஆரஞ்சுத் தொப்பி மரங்களுக்குள் மறையும் வரை காத்திருந்தாள்.

"அது வெடிக்கிறப்ப அவருக்குக் கண்ணும் மூடிக்கும், காதும் அடைச்சுக்கும், லோரெட்டா. அந்த ஒரு நொடியிலதான் இத்தனை வருஷமா எங்க வீட்டு எல்க்கை எல்லாம் நான் சுட்டுட்டு வரேன்."